உஷார்! வாக்கிங்கில் வயிறு கிள்ளினால் அலட்சியம் வேண்டாம்

சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு காலை ஐந்தரை மணிக்கு வாக்கிங் கிளம்புகிறவர் உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறாரா? அப்பாவோ மாமியாரோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ, யாராக இருந்தாலும் நாளைக் காலை அவர் படியிறங்குவதற்குள் இதைப் படித்துக் காட்டிவிடுங்கள்.

சிட்லபாக்கம் ஏரிக்கரை, செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் விடியற்காலையில் நடக்கிற கூட்டம்தான். 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நடங்கள் நடங்கள் என்று சொன்ன அளவுக்கு, நடந்த பிறகு வயிறு கேட்பதைப் பற்றி நமக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியில் உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொப்பை பற்றிய பேச்சு பிறகு.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம், ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். டாக்டர் சொல்லித்தான் நடக்கவே வந்தவர்கள் என்பதால் ஏரிக்கரையில் இந்தக் கணக்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். இவர்களில் பலருடைய மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். தனியாகவும் இருக்கும், மெட்ஃபார்மினோடு சேர்ந்தும் இருக்கும். இந்த வகை மாத்திரைகளுக்கு ஒரே ஒரு வேலைதான்: கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. ரத்தத்தில் சர்க்கரை ஏற்கனவே குறைவாக இருக்கிறதா, நீங்கள் சாப்பிட்டீர்களா, நடக்கிறீர்களா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை.

மறுபக்கம், நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இன்சுலின் துணை இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். நடை சர்க்கரையைக் குறைப்பதே இதனால்தான். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, தசை இன்னொரு பக்கம் இழுக்க, முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு சப்பாத்தி எத்தனை நேரம் தாங்கும்? மூன்றாவது ரவுண்டில் திடீரென்று ஒரு பசி வரும். வழக்கமான பசி போல மெல்ல எட்டிப் பார்க்காது, வயிற்றைக் கிள்ளும். நெற்றியில் குளிர்ந்த வியர்வை, விரல்களில் நடுக்கம், நெஞ்சில் படபடப்பு. காரணமில்லாமல் பக்கத்தில் வருகிறவர் மேல் எரிச்சல் வரும். பேச்சு குழறும். ‘கண்ணைக் கட்டுதுப்பா’ என்பார்கள். அந்தப் பசி, ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று மூளை அடிக்கிற அபாய மணி. ‘நல்லா நடந்தேன், நல்லா பசிக்குது’ என்று மகிழ்ந்துகொண்டு இன்னொரு ரவுண்டு போனால், நாலாவது ரவுண்டில் ஆள் கீழே கிடப்பார். ஏரிக்கரையில் விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் இருப்பார்கள். ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போதோ தண்டவாளத்தைத் தாண்டும்போதோ விழுந்தால்?

சிலருக்கு இந்த மணியே கேட்காது, அவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகும். மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வை மட்டும்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் நடக்கிறவருக்கு வியர்ப்பதை யார் கவனிப்பார்? பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் வந்து பழகியவர்களுக்கும் அறிகுறிகள் மங்கிவிடும். சிறுநீரகம் பலவீனமான பெரியவர்களுக்கு மாத்திரை உடம்பில் நெடுநேரம் தங்கும். முந்தின இரவு மது குடித்தவருக்கோ கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதே தடைபட்டுவிடும். நடையின் விளைவு நடையோடு முடிவதும் இல்லை. தசைகள் அடுத்த 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கலாம். மாலையில் கூடுதலாக நடந்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டை ‘லைட்டா’ முடித்துக்கொண்டு படுத்தவர் அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்திருக்க இதுவும் ஒரு காரணம்.

விரத நாட்களில் இந்த லோ சுகர் ஆபத்து பல மடங்கு பெருகும். பௌர்ணமிக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து சிறப்புப் பேருந்து ஏறித் திருவண்ணாமலைக்குப் போகிறோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பகல் முழுக்க விரதம், ஆனால் மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போயிருக்கும். ரம்ஜான் நோன்பிலும் சஷ்டி விரதத்திலும் இதே கதைதான். பக்தியைக் கைவிடச் சொல்லவில்லை. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் போய், ‘சார், அன்னிக்கு நான் சாப்பிட மாட்டேன், இவ்வளவு தூரம் நடப்பேன், மாத்திரையை என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சரி, அந்தப் பசி வந்தே விட்டது. உடனே உட்காருங்கள். ‘வீடு பக்கம்தான், போய்ச் சாப்பிட்டுக்கலாம்’ என்ற நினைப்பே வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு இட்லியோ பிரெட்டோ எதையாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட்டும் பால்கோவாவும் இந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

முக்கியமான இன்னொன்றை டாக்டர்கள் அவசரத்தில் பலருக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மாத்திரையில் வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்திருந்தால், வீட்டுச் சர்க்கரையும் மிட்டாயும் சட்டென்று வேலை செய்யாது. சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கும். நேரடியான குளுக்கோஸ்தான் வேண்டும். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வாக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் வருவது நம் மருந்துக் கடைகளில் சர்வசாதாரணம். ஆகவே பாக்கெட்டில் இரண்டு மிட்டாய் போட்டுக்கொண்டு போகிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். குளுக்கோஸ் பொடியைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளால் வந்த மயக்கம் ஒருமுறை தெளிந்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் நடக்கப் போகும் நேரத்தில் தொடையில் போட வேண்டாம். நடக்கிற தொடையிலிருந்து இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, அவர்கள் வீணாகக் கலங்க வேண்டாம். மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். ‘மஞ்சள் கலர் மாத்திரை, காலையில ஒண்ணு’ என்பது யாரையும் காப்பாற்றாது.

வயிறு தரும் இன்னொரு தவறான தகவலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது மேல் வயிற்றில் எரிச்சல் அல்லது அடைப்பு, நின்றால் சரியாகிறது, நடந்தால் திரும்ப வருகிறது என்றால் அதைக் ‘கேஸ்’ என்று முடிவு கட்டி சோடா குடிக்காதீர்கள். அது இதயத்தின் வலியாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு இப்படி வயிற்று வேஷம் போட்டு வருவதுண்டு. அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

இனி மாத்திரை எதுவும் எடுக்காத, எடையைக் குறைக்க மட்டும் நடக்கிறவர்கள். உங்களுக்கு அந்த லோ சுகர் ஆபத்து இல்லை. ஆனால் ஆறு மாதம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்ற மனக்கசப்பில் நடப்பதையே விட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது, அதுவும் சிறிய நஷ்டம் அல்ல.

நடந்து முடித்ததும் கால்கள் தாமாக டீக்கடைக்குப் போகும். ‘என்ன சார், இன்னிக்கு அஞ்சு ரவுண்டு போனீங்களே, சூடா ஒரு வடை எடுத்துக்குங்க’ என்பார் கடைக்காரர். எழுபது கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் ஓரளவு வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது 130 கலோரி அளவுதான். ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்தாலே 200-ஐத் தாண்டிவிடும். நெய்ப் பொங்கல் என்று போனால் கணக்கே பேச வேண்டாம். நடைபாதை ஓரம் விற்கும் அருகம்புல் சாறும் வாழைத்தண்டு சூப்பும் பெரிய கெடுதல் இல்லை. கரும்புச் சாறு அப்படி இல்லை, அது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

இதில் வேதனையான உண்மை, அந்த நேரத்துப் பசியில் பாதி பசியே இல்லை என்பது. வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மூச்சிரைக்க ஓடினாலோ கடுமையாக சைக்கிள் மிதித்தாலோ கொஞ்ச நேரம் கிரெலின் குறையும், பசியை அடக்கும் குடல் ஹார்மோன்கள் கூடும். ஓட்டப்பந்தயம் முடிந்த கையோடு யாருக்கும் சோறு இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம். நடைக்கு இந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை 60 நிமிடம் வேகமாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். பசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கிரெலினும் மாறவில்லை. அப்படியானால் டீக்கடை முன்னால் வருகிற அந்த ஆசை எங்கிருந்து வருகிறது? பழக்கத்திலிருந்து, எண்ணெய் வாசனையிலிருந்து, நண்பர்கள் அரட்டையிலிருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக ‘உழைச்சிருக்கேன், எனக்கு உரிமை இருக்கு’ என்ற எண்ணத்திலிருந்து. போதாக்குறைக்கு வியர்த்து வந்த தாகத்தையும் பசி என்று நினைத்துக்கொள்கிறோம். முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

கூடுதலாக நடந்தால் சரியாகிவிடும் என்பதும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற, அதிகம் நடமாடாத 464 பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் உடற்பயிற்சி செய்ய வைத்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நடுத்தர அளவு பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 2.1 கிலோ குறைந்தார்கள். வாரத்துக்கு 190 நிமிடத்துக்கு மேல் செய்த குழு குறைந்தது 1.5 கிலோ மட்டும். கூடுதலாக உழைத்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஈடுகட்டிக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படின்னா நடந்தே பிரயோஜனம் இல்ல’ என்று யாராவது படுத்துவிட்டால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. அவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1956-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ழான் மேயர், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோருடன் சேர்ந்து மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேர் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மூட்டை சுமப்பவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், அவர்கள் உழைப்புக்கு அது சரியாக இருந்தது, எடை ஏறவில்லை. லேசான வேலை செய்பவர்கள் அளவாகச் சாப்பிட்டார்கள். ஆச்சரியம் எங்கே என்றால், நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்பவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். உடம்பு ஒரு குறைந்தபட்ச அளவாவது அசைந்தால்தான் பசி கட்டுக்குள் இருக்கிறது, முழுதாக உட்கார்ந்துவிட்டால் பசியின் கடிவாளமே அறுந்துபோகிறது என்று மேயர் முடிவுக்கு வந்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியோ மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆருக்குப் போயோ ஒன்பது மணி நேரம் நாற்காலியில் கழிக்கிற நம் பிள்ளைகள், அந்த ஆலையின் கடைக்காரர்கள் இடத்தில்தான் இருக்கிறார்கள். நடை அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அது நல்லது செய்யும்.

நடந்து வந்து சாப்பிடுவது காலை உணவாகவே இருக்கட்டும், அதற்கு முன் ஒரு நொறுக்குத் தீனி வேண்டாம். அதில் புரதம் இருக்க வேண்டும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தேசிய அளவிலான ஆய்வு 2025-இல் சொன்னது. நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, நிறையப் பருப்பு போட்ட சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். பதினோரு மணிப் பசி எவ்வளவு அடங்குகிறது என்பது ஒரே வாரத்தில் தெரியும்.

ஜிம் போகிற இளைஞர்கள் விஷயம் வேறு. ராத்திரி ஒன்பது மணி வரை இரும்பு தூக்குகிறார்கள், அடுத்த ஒரு மணி நேரம் பசியே இருப்பதில்லை. பத்தரைக்குப் பசி எழுந்து வந்து செல்பேசியில் பிரியாணிக்கு ஆர்டர் போட வைக்கிறது. ஜிம் முடிந்த அரை மணிக்குள், பசிக்காவிட்டாலும், வீட்டுச் சாப்பாட்டை அளவாக முடித்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. பசியை அடக்கும் பொடி, கொழுப்பைக் கரைக்கும் கேப்ஸ்யூல் என்று யார் நீட்டினாலும் கையை எடுத்துக்கொள்ளுங்கள். பசியை அடக்கவென்று விற்ற சிபுட்ரமின் மருந்தை, இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். மூலிகை என்று பெயர் ஒட்டி விற்கும் உடல் மெலியும் பொருள்களில் அதே மருந்தை ரகசியமாகக் கலந்திருந்தது உலகில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் இங்கே விற்பனைக்கு வந்த மௌன்ஜாரோ போன்ற ஊசிகள் பசியை உண்மையாகவே குறைக்கும், ஆனால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கிளிமிபிரைடு எடுப்பவர் இந்த ஊசியையும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்தால் மேலே சொன்ன லோ சுகர் ஆபத்து இன்னும் கூடும்.

கடைசியாக, பசிக்காதவர்கள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் பிள்ளைகள் விடியற்காலையில் மைதானங்களில் ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பார்க்கவே பெருமையாக இருக்கிறது. கடுமையான ஓட்டம் பசியை அமுக்கிவிடும் என்பதால், பலர் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கோச்சிங் வகுப்புக்கு ஓடிவிடுகிறார்கள். வெயில் வேறு இருக்கிற பசியையும் கொன்றுவிடுகிறது. இப்படியே மாதக்கணக்கில் போனால் செலவுக்குத் தகுந்த வரவு இல்லாத உடம்பு, உடனடியாகத் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும். எலும்பு மெலிந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல் விழும். களைப்பு, தலைமுடி உதிர்தல், ஓட்ட நேரம் முன்னேறாமல் நிற்பது எல்லாம் சேரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இந்த நிலைக்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது, ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்தே சொன்னது. ‘நல்லா ஓடுறா, அதனாலதான் பீரியட்ஸ் வரல, ஒண்ணும் இல்ல’ என்று பயிற்சியாளரோ அக்காவோ சொன்னால் நம்பாதீர்கள்.

அம்மாக்களே, ஓடிவிட்டு வரும் பெண்ணிடம் ‘பசிக்குதா?’ என்று கேட்காதீர்கள், ‘இல்லம்மா’ என்றுதான் பதில் வரும். ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முட்டையும் வாழைப்பழமும் பாலும், அல்லது தயிர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழும் ஒரு கை வேர்க்கடலையும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். காலையில் நேரமில்லை என்றால் டப்பாவில் போட்டு மைதானத்துக்கே கொடுத்தனுப்புங்கள். மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்றாலோ ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவள் ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூரம் ஓடினாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.